தந்தி வளர்த்த எமில் போதோ

பிரான்சு நாட்டின் வடகிழக்குப் பகுதியில் மாஞோ என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1845ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் உழவர் குடும்பமொன்றில் எமில் போதோ பிறந்தார். அவருடைய பள்ளிக் கல்வி தொடக்கப் பள்ளியோடு முடிந்தது. தந்தைக்கு உதவியாக வயலில் உழைத்த அவர், 1869இல் அந்நாட்டுத் தந்தித் துறையில் பயிலுநராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் மார்சு என்பார் வகுத்த தந்திக் குறிகள் பெரிதும் வழங்கின. அக்குறிகளுள் சில குறுகியவை, சில நீண்டவை. ஆதலால் அவற்றைப் பொறியைக் கொண்டு எழுத்தாக்குவது எளிதன்று. மேலும், அனுப்புவோர் கை ஓய்ந்தபோதெல்லாம் பெரும்பொருட் செலவில் அமைத்த நெடுங்கம்பி வாளா கிடந்தது. இவ்விரு குறைகளையும் களையப் போதோ உறுதி பூண்டார். ஹியூசின் அச்சுத் தந்தியையும், ஒரே கம்பியைப் பலருக்குப் பங்கிடும் மேயரின் முறையையும் நன்கு ஆராய்ந்தார்.

1874இல் அவர் தம் புதிய முறைக்கு உரிமை பெற்றார். அவர் கையாண்ட குறிமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் சம அளவுள்ள ஐந்து குறிகள் உண்டு. ஒவ்வொரு குறியும் இருவகை மின்னோட்டத்துள் ஒன்றாக இருக்கும். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 அன்றோ? அத்தனை வேறு வேறு சேர்க்கைகள் இதனால் கிடைத்தன.

கம்பியின் இரு முனைகளிலும் சுழலும் கருவிகள் இருந்தன. அவை பணியாளர் பலருக்கும் முறைவைத்துக் கம்பியை வழங்கின. தம் முறை வந்ததை அறிவிக்கும் ஒலியைக் கேட்டு, ஒவ்வொருவரும் ஐந்து விசைகளையும் தாளம் தவறாது அழுத்த வேண்டும். இரு கருவிகளும் ஒத்துச் சுழலாவிடின் ஒருவர் செய்தி மற்றொருவர் தாளில் சென்று விழும். அதனைத் தடுக்கப் போதோ ஒரு வழி கண்டார். ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியைத் திருத்தக் குறிக்கென்றே ஒதுக்கினார். அக்குறி இரு கருவிகளையும் மீண்டும் ஒன்றுபடுத்தியது.

1877இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே இம்முறை செயற்பட்டது. மறு ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. ஆயினும் ஆராய்ச்சிக்குப் போதிய பொருளுதவி கிட்டவில்லை. 1880இல் அப்பதக்கத்தையே விற்று அவர் தம் பணியைத் தொடர்ந்தார். புகழின் சின்னத்தினும் பணியின் நிறைவே அவருக்குப் பெரிதாயிற்று. 1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் கையாண்ட நெறி அவரோடு மறையவில்லை. பிற்காலத்தில் வந்த எண்முறைத் தொலைபேசியில், குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு இருநிலைக் குறிகளாக மாறுகிறது. ஐரோப்பிய முறையில் ஒரு சுற்றுக்கு 32 பங்குகள் உண்டு. அவற்றுள் 30 உரையாடல்களுக்கு உரியவை. ஒன்று சுற்றின் தொடக்கத்தைக் காட்டுவது. வந்துசேரும் துடிப்புகளைக் கொண்டே பெறும் நிலையம் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. துடிப்பு நெடுநேரம் வாராவிடின் கடிகாரம் வழிதவறும். ஆதலின் வெற்றிடங்கள் தொடர்ந்து வருங்கால் இடையே அடையாளத் துடிப்புகளைச் சேர்த்தனுப்புவர்.

குறி அனுப்பும் வேகத்தை அளக்கும் அலகுக்கு அறிஞர் பாட் என்று பெயரிட்டனர். அது போதோவின் பெயரிலிருந்து பிறந்த சொல். தொடக்கப் பள்ளியோடு கல்வி நின்ற உழவர் மகனின் பெயர், உலகெங்கும் அறிவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. விற்ற பதக்கத்தினும் உயர்ந்த பரிசு அதுவேயாகும்.