விக்ரம் சாராபாயும் சப்ரகமுவ மழையும்

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12ஆம் திகதி அகமதாபாத்தில் ஆலை அதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அண்டக் கதிர்களை ஆராய்ந்த விஞ்ஞானியான அவர், 1963இல் கேரளத்தின் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ரொக்கெட்டை ஏவச் செய்தார். ஏழை நாட்டுக்கு ரொக்கெட் எதற்கு என்று கேட்டோர் இருந்தனர், நியாயமான கேள்விதான். விண்வெளி ஆய்வு வானிலை அவதானிகளுக்கும் கிராமத்தவர்க்கும் பயன்பட வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. வல்லரசுகள் சந்திரனுக்குப் போட்டியிட்ட காலத்தில் இது சாதாரணச் சிந்தனையல்ல.

1971 டிசம்பர் 30ஆம் திகதி, 52 வயதில், கோவளத்தில் அவர் காலமானார். தொலைத்தொடர்புடன் மேகப் படங்களையும் சேர்த்து அனுப்பிய இன்சாட்-1பி செய்மதி 1983இல்தான் ஏவப்பட்டது. அப்படங்கள் ஆய்வுகூடத்தில் தங்கிவிடாமல் புதுடில்லி வானிலைத் திணைக்களத்தைச் சென்றடைந்தன. வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பற்றிய புதுடில்லியின் அறிக்கைகள் இன்று கொழும்புக்கும் வருகின்றன.

கொழும்பிலிருந்து தோட்டத்துக்குத்தான் வழி நீளம். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் களுபான தோட்டத்தில் லயன் வீடுகளை மண்சரிவு மூடியபோது நாம் எண்ணிப் பார்த்தது இதைத்தான்: மேகம் படத்தில் தெரிந்தது, எச்சரிக்கை தமிழில், உரிய வேளையில், அந்த வாசலுக்கு வந்ததா?