வேரா ஃபிக்னர்: பதினோராம் எண் கைதி

ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரியான லதோகாவிலிருந்து நேவா நதி பிரிந்து புறப்படும் இடத்தில் ஒரு சிறு தீவு இருக்கிறது. 1323ஆம் ஆண்டில் நவ்கரோத் நாட்டவர் அங்கே ஒரு கோட்டையை எழுப்பினர். ஒரேஷெக் என்பது அதன் பெயர். சிறு கொட்டை என்பது அப்பெயரின் பொருள். 1612இல் அது சுவீடன் நாட்டவர் கைக்குப் போயிற்று. 1702இல் மகா பீட்டர் அதனை மீட்டு, ஷ்லிஸ்ஸல்பர்க் எனப் பெயர் மாற்றினார்; சாவி நகரம் என்று பொருள். கடலுக்குச் செல்லும் வழியைத் திறக்கும் சாவி என்று மன்னர் கருதினார். எல்லை விரிந்து போர்க்காவலின் தேவை குறைந்தபின், திறக்கவேண்டிய சாவி பூட்டுவதற்கே பயன்பட்டது. பீட்டரின் முதல் மனைவியே அங்கு அடைபட்டிருந்தார். கைக்குழந்தையாய் முடிசூடி, சுமார் ஓராண்டில் முடியிழந்த ஆறாம் இவான் 1764இல் அங்கேதான் கொல்லப்பட்டார். புஷ்கினின் பள்ளித் தோழரும் கவிஞருமான க்யூஹல்பெக்கரும் சிலகாலம் அச்சுவர்களுக்குள் இருந்தார்.

இன்று அது அருங்காட்சியகம். பனி உருகிய மாதங்களில் கரையிலிருந்து பயணிகள் படகு செல்கிறது. சில நிமிடப் பயணம்தான். வெள்ளைச் சுண்ணாம்புக் கல் மதில்களும் தடித்த கோபுரங்களும் நீரிலிருந்தே எழுவதுபோல் தோன்றும். காலையில் போய் மாலையில் திரும்புவோர்க்கு அது இனிய உலா. அதே நீர்வழியில் 1884ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நீராவிப் படகு முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது. அவர் திரும்பிச் செல்லும் படகில் ஏற இருபது ஆண்டுகள் ஆயின. அவர்தான் வேரா ஃபிக்னர்.

1852இல் கசான் மாகாணத்தில், நிலவுடைமைக் குடும்பமொன்றில் வேரா பிறந்தார். தந்தை வனத்துறை அதிகாரி. தாயார் எகத்தெரீனா. பிறந்த பிள்ளைகளில் மூத்தவர் வேரா. கசானில் உயர்குடிப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் படித்து முடித்தார். அன்றைய ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. மருத்துவராகிக் கிராம மக்களுக்குப் பணி செய்யவேண்டும் என்பது அவருடைய கனவு. 1870இல் நீதித்துறை அதிகாரி ஒருவரை மணந்தார். 1872இல் தங்கை லிதியாவையும் உடன் அழைத்துக்கொண்டு சூரிச் நகரம் சென்று மருத்துவக் கல்வியில் சேர்ந்தார்.

சூரிச்சில் மருத்துவத்தோடு சமதர்ம நூல்களும் அவர் கைக்கு வந்தன. அங்கு படித்த ரஷ்யப் பெண்கள் நாடு திரும்பவேண்டும் என்று 1873இல் ஜார் அரசு ஆணையிட்டபோது, பலர் படிப்பை விட்டுக் கிளம்பினர். வேரா பெர்ன் நகருக்குப் போய்ப் படிப்பைத் தொடர்ந்தார். ஆனால் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 1875இல், கைதான தோழர்களின் இடத்தை நிரப்பத் தாய்நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. பட்டத்தை விட்டுத் திரும்பினார். மணவாழ்வும் முறிந்தது. மருத்துவ உதவியாளருக்குரிய தகுதியை மட்டும் பெற்று, சமாரா மாகாணத்திலும் பின்னர் சராத்தவ் மாகாணத்திலும் கிராமங்களில் பணியாற்றினார். சராத்தவில் தங்கை எவ்கேனியாவும் உடனிருந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நோய்க்கு மருந்தும் பிள்ளைக்கு எழுத்தும் தருவதே அரசத் துரோகம் என்று உள்ளூர் அதிகாரிகள் ஐயுற்றனர். அமைதியான தொண்டுக்கு அந்நாட்டில் இடமில்லை என்ற முடிவுக்கு வேரா வந்தது அங்கேதான்.

1879இல் 'நரோத்னயா வோல்யா' என்ற இரகசிய இயக்கம் உருவானது. வோல்யா என்னும் சொல்லுக்கு விருப்பம் என்றும் விடுதலை என்றும் பொருளுண்டு. அதன் செயற்குழுவில் வேரா இடம்பெற்றார். மன்னரைக் கொன்றால் மக்கள் விழிப்பர் என்பது அவ்வியக்கத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் பிறர் உயிர்களும் சேர்ந்தன. 1880இல் குளிர்கால அரண்மனையில் வைத்த வெடியில் மன்னர் தப்பினார். காவல் நின்ற படைவீரர் பதினொருவர் மாண்டனர். 1881 மார்ச்சில் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். வழியில் நின்ற ஒரு சிறுவனும் உயிரிழந்தான். மக்கள் விழிக்கவில்லை. அடக்குமுறையே கூடியது. தோழர்கள் தூக்கிலும் சிறையிலும் மறைய, ரஷ்ய மண்ணில் பிடிபடாது எஞ்சிய பழைய செயற்குழுவினர் வேரா ஒருவரே. இயக்கத்தை மீண்டும் கட்டிவிடலாம் என்று ஊர் ஊராக அலைந்தார். அவர் நம்பிய தெகாயெவ் என்பவர் காவல்துறைக்கு விலைபோயிருந்தார். 1883 பிப்ரவரியில் கார்க்கவ் நகரத் தெருவில் வேரா கைதானார்.

பீட்டர்ஸ்பர்க் நகரின் பீட்டர்-பால் கோட்டையில் ஏறத்தாழ இருபது மாதம் தனிச்சிறை. 1884 செப்டம்பரில் பதினால்வர் வழக்கு நடந்தது. வேராவுக்குத் தூக்கு. கருணை மனு எழுத அவர் மறுத்தார். மனுவின்றியே தண்டனை ஆயுட்காலக் கடுஞ்சிறையாகக் குறைக்கப்பட்டது. உடன் தண்டிக்கப்பட்ட இருவர் ஷ்லிஸ்ஸல்பர்க்கில் தூக்கிலிடப்பட்டு இரண்டு நாள் கழிந்திருந்தபோது, வேராவை ஏற்றிவந்த படகு அத்தீவை அடைந்தது.

நாற்பது அறைகள் கொண்ட புதிய சிறைக் கட்டடம் அந்த ஆண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. அங்கே வேராவுக்குப் பெயர் போய் எண் வந்தது: பதினொன்று. கடிதமில்லை, சந்திப்பில்லை, பேச்சில்லை. சிறைக் கண்காணிப்பாளர்மீது தட்டை எறிந்த மிஷ்கின் 1885 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1887இல் கிராச்செவ்ஸ்கி மண்ணெண்ணெயைத் தன்மேல் ஊற்றித் தீ மூட்டிக்கொண்டு மாண்டார். அதே 1887 மே மாதம், லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவும் மற்றும் நால்வரும் அக்கோட்டை முற்றத்தில் தூக்கிலிடப்பட்டனர்.

வேராவின் தம்பி நிகொலாய் ஃபிக்னர் அந்நாளில் ரஷ்யா கொண்டாடிய இசைநாடகப் பாடகர். 1890இல் சைக்கோவ்ஸ்கியின் 'இஸ்பேடு ராணி' முதன்முதலாக அரங்கேறியபோது நாயகனாகப் பாடியவர் அவரே. நேவா நதியின் நீளம் 74 கிலோமீட்டர்தான். நதி முடியும் தலைநகரில் தம்பியின் குரலுக்கு அரங்கம் எழுந்து நின்றது. நதி தொடங்கும் தீவில் தமக்கைக்கு வாய்திறக்க அனுமதியில்லை.

வாய் மூடியபோது விரல்கள் பேசின. எழுத்துக்களை வரிசையாகவும் நிரையாகவும் ஒரு கட்டத்தில் அடுக்கிக்கொள்வது முறை. முதலில் வரிசை எண்ணும் பின்னர் அவ்வரிசையில் எழுத்தின் இடமும் சுவரில் தட்டப்படும். ஒரு சொல்லுக்கே பல பத்துத் தட்டல்கள் வேண்டும். 1887இல் கைதிகளுக்கு எழுதுதாள் கிடைத்தது. அவ்வாண்டில் அங்கு வந்து சேர்ந்த கெர்மன் லோபாத்தின் வேராவுக்குச் செய்யுள் ஒன்றைச் சுவர்வழியே தட்டி அனுப்பினார். அதற்கு மறுமொழியாக வேராவும் செய்யுளே இயற்றினார். பின் ஒருவரைக் கண்டு ஒருவராகப் பலரும் பாப்புனையத் தொடங்கினர். அவர்களில் எல்லோரும் கவிஞர் அல்லர். வேராவும் தம்மைப் பெருங்கவிஞராகக் கருதிக்கொண்டவர் அல்லர். ஆனால் எழுத்தெழுத்தாகக் கல்லில் தட்டி அனுப்பவேண்டிய ஒரு பாட்டில் வீண்சொல் சேர இடமேது? யாப்பும் சுருக்கமும் அங்கே அழகுக்காக அல்ல, தேவைக்காகப் பிறந்தன.

அச்சிறையில் வேராவோடு இருந்த இன்னொரு பெண் லூத்மிலா வோல்கென்ஷ்தெய்ன். 1886 முதல் இருவரும் சேர்ந்து உலாவ அனுமதி கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் மனித முகம் காணாதிருந்த வேராவுக்கு அது மறுபிறவி போன்றது. ஆனால் அந்த உலா எல்லாக் கைதிகளுக்கும் தரப்படவில்லை; நன்னடத்தைக்குப் பரிசாகச் சிலருக்கு மட்டுமே தரப்பட்டது. எல்லோருக்கும் இல்லாதது தமக்கும் வேண்டாம் என்று இருவரும் அதைத் துறந்தனர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒருவரையொருவர் காணாதே கழித்தனர். வேராவின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செயல் போதும். தனக்கு மட்டும் நீட்டப்படும் நன்மை தன்னைத் தோழர்களிடமிருந்து பிரிக்கும் கத்தி என்று அவர் எண்ணினார்.

காலப்போக்கில் கைதிகள் பலவற்றைப் போராடிப் பெற்றனர். தோட்டம் போட நிலத்துண்டுகள், தச்சுப் பட்டறை, நூல் கட்டும் வேலை, நூல்கள் என ஒவ்வொன்றாக வந்தன. நிகொலாய் மரோசவ் அங்கிருந்தே அறிவியல் ஏடுகள் இருபத்தாறு தொகுதிகள் எழுதினார். 1897இல் உறவினர்க்கு ஆண்டுக்கு இருமுறை கடிதம் எழுத அனுமதி பிறந்தது. பதின்மூன்று ஆண்டுக்குப்பின் தாயின் எழுத்தைக் கண்டார் மகள். தம்பொருட்டு அரசனிடம் எந்நாளும் கருணை கேட்கக்கூடாது என்பது தாயிடம் அவர் வைத்திருந்த வேண்டுகோள்.

1902 மார்ச்சில் பழைய கெடுபிடிகளை மீண்டும் கொண்டுவர நிர்வாகம் முனைந்தது. எல்லோரும் பெற்றதை எல்லோரும் இழக்கும் நிலை. வேரா கண்காணிப்பாளரின் தோள்பட்டைச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தார். இராணுவ நீதிமன்றமும் மரணமும் வரும் என்பதை அறிந்தே செய்த செயல் அது. ஆயினும் அவர்மீது வழக்கு எழவில்லை. அவர் எதிர்பாராத ஒன்று வந்தது. 1903 ஜனவரியில் அவருடைய ஆயுள்தண்டனை இருபதாண்டாகக் குறைக்கப்பட்டதாக அறிவித்தனர். தாயார் மனுச் செய்திருந்தார்.

மகள் மகிழவில்லை, வெகுண்டார். தோழர்கள் உள்ளே கிடக்கத் தமக்கு மட்டும் கதவு திறக்கிறது. உலாவைத் துறந்ததுபோல் இதைத் துறக்க வழியில்லை. விடுதலையை மறுக்கும் உரிமை கைதிக்கு இல்லை. தாயார் சாவை நெருங்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. கண்மூடுமுன் மகளை ஒருமுறை காண விரும்பிய ஒரு கிழத்தாயின் மனு அது. எதிர்நின்றவை இரண்டு நியாயங்கள். கொள்கைக்காகத் தாயைத் துறந்த மகளின் நியாயம் ஒன்று. மகளுக்காக மகளின் கொள்கையையே மீறிய தாயின் நியாயம் மற்றொன்று. இரண்டில் எதையும் சிறிது என்று சொல்லிவிட முடியாது.

1903 நவம்பரில் தாயார் காலமானார். 1904 செப்டம்பர் இறுதியில் வேரா தீவை விட்டுப் படகேறினார். பத்து மாதம் பிந்திவிட்டது. அதற்கும் அடுத்த ஆண்டு, 1905 அக்டோபரில், மக்கள் எழுச்சிக்கு அஞ்சிய அரசு பொதுமன்னிப்பு அறிவிக்க, மரோசவும் லோபாத்தினும் ஏனையோரும் வெளியே வந்தனர். தாயார் மனுவே எழுதாதிருந்தாலும் வேரா அன்று தோழர்களோடு ஒன்றாகத் தலைநிமிர்ந்து வெளிவந்திருப்பார். அந்த மனு ஈட்டித் தந்தது ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே. எதற்காக எழுதப்பட்டதோ அந்தச் சந்திப்பை அது தரவில்லை.

வடகோடி அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணத்தில் சிலகாலம் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தபின், 1906இல் வேரா வெளிநாடு சென்றார். அவ்வாண்டில் அவருடைய சிறைக் கவிதைகள் நூலாயின. 1910இல் பாரிஸில் ரஷ்ய அரசியல் கைதிகளுக்கு உதவும் குழுவை அமைத்து, நகரந்தோறும் சென்று பேசிப் பொருள் திரட்டினார். 1915இல் நாடு திரும்பினார். பாரதி 'புதிய ருஷ்யா'வில் பாடிய ஜாரின் வீழ்ச்சி 1917இல் நேர்ந்தபோது, ஷ்லிஸ்ஸல்பர்க் கைதிகள் விடுவிக்கப்பட்டுச் சிறைக் கட்டடங்கள் எரியூட்டப்பட்டன. அக்டோபர் புரட்சிக்குப்பின் ஆட்சிக்கு வந்த கட்சியில் வேரா சேரவில்லை. நாட்டை விட்டுப் போகவும் இல்லை. தம் நினைவுகளை எழுதுவதே முதுமையின் பெரும்பணியாயிற்று. அதில் சிறை பற்றிய பகுதிக்கு, வாழ்வின் கடிகாரம் நின்றபோது என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1932இல் அவருடைய எழுத்துக்கள் ஏழு தொகுதிகளாக வந்தன. 1941இல் ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது நகரைவிட்டு வெளியேற மறுத்தார். 1942 ஜூன் 15இல், தொண்ணூறு நிறையச் சில வாரங்கள் இருக்கையில், மாஸ்கோவில் மறைந்தார்.

அதே நாட்களில் ஷ்லிஸ்ஸல்பர்க் கோட்டையில் சிறிய சோவியத் படையொன்று எதிர்க்கரைப் பீரங்கிகளுக்கு ஈடுகொடுத்து நின்றது. 1943 ஜனவரி வரை கோட்டை வீழவில்லை. மதில்கள் மட்டும் சிதைந்தன. புதிய சிறைக் கட்டடம் பின்னர் சீரமைக்கப்பட்டது. படகில் வருவோர் இன்று அதன் இரும்புப் படிகளில் ஏறி, அறைகளை எட்டிப் பார்க்கின்றனர். பூட்டுகள் இருக்கின்றன; கட்டில்கள் இருக்கின்றன. அடுத்த அறைக்குக் கவிதையைக் கடத்திய சுவர்களும் இருக்கின்றன. கடைசிப் படகுக்கு நேரமாயிற்று என்றால், வந்தவர் எல்லோரும் ஒன்றாகவே கரைக்குத் திரும்பிவிடுகின்றனர்.