மழையில் பெற்ற கோப்பை

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் அமைந்த ஓரிக்கையில், குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பாவு இழைகளுள் ஒன்று அறுந்துவிடுகிறது. அறுந்ததை அறியாமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டார். வாங்குபவர் கண்ணுக்கு அப்பிழை புலப்படப் போவதில்லை. தறியின் அருகிலும் எவரும் இல்லை. ஆயினும் அவர் ஊடையைப் பிரித்து, இழையை முடிந்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் நெய்கிறார். அரைநாள் உழைப்பு வீணாகிறது. அந்த இழப்பை அவருக்கு விதித்தவர் யார்? அவரேதான்.

இத்தகைய தண்டனையையே அடிப்படை விதியாகக் கொண்ட விளையாட்டு ஒன்று உண்டு. தமிழில் குழிப்பந்தாட்டம் என வழங்கும் கோல்ஃப் ஆட்டமே அது. செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் அதனைக் கருதுகிறோம். அக்கருத்தில் உண்மையும் உண்டு. சென்னையில் கிண்டியிலும் நந்தனத்திலும் உள்ள ஆடுகளங்களின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களே நம்முள் மிகுதி. ஆனால், அந்த வேலிக்குள் மட்டைப்பையைச் சுமந்து நடந்த ஏழைச் சிறுவர்கள் சிலர் பின்னாளில் பெரும் ஆட்டக்காரர்களாக உயர்ந்தனர் என்பதும் உண்மையே. 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியில் வென்ற அலி ஷேரும், 2009-இல் அதே போட்டியில் வென்ற சின்னசாமி முனியப்பாவும் அவ்வாறு சுமந்தவர்களே. அவர்கள் அனைவருக்கும் முன்னோடியாக, கடல் கடந்த நாடொன்றில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் பாப்வா சேவ்கோலம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் அது. அதனைத் தொடர்ந்து கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் பேசிய மக்கள் ஒரே தோட்டத்தில் உழைத்து, ஒரே வரிசைக் குடிசைகளில் வாழ்ந்து, புதியதொரு சமூகமாக அந்நாட்டில் வேரூன்றினர். அந்தச் சமூகத்தில், டர்பன் நகரின் உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள ரிவர்சைடு பகுதியில், 1928-ஆம் ஆண்டு பாப்வா பிறந்தார். வறுமை மிக்க குடும்பம். பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவராகவே அவர் வளர்ந்தார்.

வீட்டுக்கு அருகில் பீச்வுட் என்னும் ஆடுகளம் இருந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடும் களம் அது. அங்கு மட்டைப்பை சுமக்கும் சிறுவனாகப் பாப்வா சேர்ந்தார். மரக்கிளையொன்றை மட்டையாகக் கொண்டு தாமே ஆடிப் பழகினார். கற்பிப்பவர் எவரும் இல்லாமையால் அவருடைய கைப்பிடியே தனித்தன்மை பெற்றது. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்து மட்டையைப் பற்றுவது வழக்கம். அவரோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பற்றினார். பார்த்தோர் நகைத்திருக்கக்கூடும். ஆனால், கோல்ஃப் விதிநூல் இவ்வாறுதான் கைகளை அடுக்கவேண்டும் என எங்கும் கூறவில்லை. ஆகவே, அவருடைய பிடி எவ்விதத் தண்டனைக்கும் உரியதன்று. விதிநூல் அவருக்கு இழைக்காத தீங்கைச் சட்டநூல் இழைத்ததைப் பின்னர்க் காண்போம்.

அதற்குமுன் இவ்வாட்டத்தின் தண்டனை முறையை ஓரளவேனும் அறிந்துகொள்வது இன்றியமையாதது. பதினெட்டுக் குழிகளிலும் பந்தை இடுவதற்கு யார் மிகக் குறைந்த எண்ணிக்கையில் அடிக்கிறாரோ அவரே வெல்கிறார். தவறு நேரும்போது அந்த எண்ணிக்கையோடு தண்ட அடிகள் கூட்டப்படும். நீர்நிலையில் விழுந்த பந்தை விடுத்து வேறு பந்தை வெளியே இட்டு ஆடினால் ஒரு தண்ட அடி. பந்து தொலைந்துபோனாலோ எல்லைக்கு வெளியே சென்றாலோ ஒரு தண்ட அடியோடு, முன்பு அடித்த இடத்திற்கே திரும்பிச் சென்று மீண்டும் அடிக்க வேண்டும்; கடந்த தொலைவும் இழப்பாகிறது. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் தரப்பட்டது. 2019 முதல் மூன்று நிமிடமே. பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் இருந்தால் குழிக்கு இரண்டு தண்ட அடி வீதம், ஒரு சுற்றுக்கு நான்கு வரை கூட்டப்படும். இவற்றைக் கணக்கிடுபவர் பெரும்பாலும் நடுவர் அல்லர். பல ஏக்கர் பரந்த களத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பின்னும் ஒரு நடுவர் நடந்து செல்வது இயலாத செயல். எனவே, தன் தவற்றைத் தானே அறிவித்துத் தண்டனையைத் தானே ஏற்பது ஆட்டக்காரரின் கடமையாகிறது.

இதற்கு உலகம் இன்றளவும் நினைவுகூரும் சான்று ஒன்று உண்டு. 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியின் முதற்சுற்றில், உயர்ந்த புல்லிடையே கிடந்த பந்தை அடிக்கப் பாபி ஜோன்ஸ் ஆயத்தமானபோது, பந்து சிறிதே அசைந்தது. அதனை வேறெவரும் காணவில்லை. அசைந்தது எனத் தாமே கூறி ஒரு தண்ட அடியை அவர் ஏற்றார். போட்டியின் இறுதியில் வில்லி மக்ஃபார்லேனும் அவரும் சமநிலை எய்தினர். மறுநாள் நடைபெற்ற கூடுதல் ஆட்டத்தில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அந்தத் தண்ட அடி இல்லையெனில் கூடுதல் ஆட்டமே நிகழ்ந்திராது, கோப்பை அவருடையதாகியிருக்கும். கதவைத் தட்டிய குற்றத்திற்காகத் தன் கையையே குறைத்துக்கொண்ட பொற்கைப் பாண்டியனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி வியப்பைத் தருவதைவிட நெருக்கத்தையே தருகிறது.

ஆட்டம் முடிந்தபின் நிரப்பப்படும் மதிப்பெண் அட்டை மற்றோர் இடர். போட்டிகளில் ஒருவருடைய எண்ணிக்கையை அவரோடு ஆடும் மற்றொருவர் குறிப்பார். ஆடியவர் அதனைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். உண்மையைவிடக் குறைவான எண்ணில் ஒப்பமிட்டவர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். கூடுதலான எண்ணில் ஒப்பமிட்டால் அதுவே அவர் கணக்காக நிலைத்துவிடும். 1968-இல் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ பதினேழாம் குழியில் மூன்றே அடிகள் எடுத்தார். உடன் ஆடியவர் அதனை நான்கு எனக் குறித்தார். அதனைக் கவனியாது ஒப்பமிட்டமையால், சமநிலையில் நின்று கூடுதல் ஆட்டம் ஆடும் வாய்ப்பை அவர் இழந்தார். எழுத்தறிந்தவருக்கே இந்நிலை எனில், எழுத்தறியாத பாப்வாவுக்கு அந்த அட்டை எத்தகைய அச்சத்தைத் தந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். விதிகளைப் பிறர் பையைச் சுமந்து நடந்த ஆண்டுகளில், பார்த்தும் கேட்டுமே அவர் கற்க முடிந்தது.

வெள்ளையரல்லாதோருக்கென நடத்தப்பட்ட போட்டிகளில் பாப்வா மீண்டும் மீண்டும் வென்றார். ஆயினும் வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவர் கால்வைக்க முடியவில்லை. 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மக்களை நிறத்தால் பிரிக்கும் இன ஒதுக்கல் கொள்கையைச் சட்டமாக்கியிருந்தது. வசிக்கும் தெரு, பயிலும் பள்ளி, ஏறும் பேருந்து, அமரும் இருக்கை அனைத்தையும் நிறமே முடிவு செய்தது. இந்நிலையில் கிரஹாம் வுல்ஃப் என்னும் வேதியியலாளர் அவருக்குத் துணைநின்றார். ஓலே என்னும் முகப்பூச்சை உருவாக்கியவர் இவரே. 1959-இல் தம் சொந்த வானூர்தியில் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். தாய்நாட்டில் வெள்ளையரோடு ஆடும் உரிமையற்ற மனிதர், அவ்வாண்டே டச்சு ஓப்பன் போட்டியில் வெற்றி வாகை சூடினார். 1960-இலும் 1964-இலும் அதே கோப்பையை மீண்டும் வென்றார். 1963-இல் பிரித்தானிய ஓப்பனில் 13-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அயல்நாட்டில் பெற்ற புகழ் தாய்நாட்டின் கதவைச் சிறிதளவு திறந்தது. அரசின் தனி அனுமதியோடு, 1963-ஆம் ஆண்டு டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடைபெற்ற நேட்டால் ஓப்பன் போட்டியில் அவர் ஆடினார். புல்வெளியில் அவரும் வெள்ளை ஆட்டக்காரர்களும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பந்து நீரில் விழுந்தால் இருவருக்கும் ஒரே தண்ட அடி. ஒருவர் அட்டையில் மற்றவர் எண்ணைக் குறிக்கும் நம்பிக்கையும் ஒன்றே. ஆனால், மன்றக் கட்டடத்தின் வாயிலில் அந்தச் சமன்மை முடிந்துபோயிற்று. உடை மாற்றும் அறையும் உணவுக்கூடமும் அவருக்கு மறுக்கப்பட்டன.

பாப்வா வென்றார். பரிசளிப்பு வேளையில் மழை பொழிந்தது. வெள்ளை ஆட்டக்காரர்களும் விருந்தினரும் கட்டடத்திற்குள் ஒதுங்கி நிற்க, வெற்றியாளர் மட்டும் வெளியே நனைந்தவாறு கோப்பையைப் பெற்றுக்கொண்டார். களத்தில் அவர் எந்த விதியையும் மீறவில்லை. தண்டனையோ களத்திற்கு வெளியே காத்திருந்தது. அக்காட்சியின் நிழற்படம் உலக நாளிதழ்களில் வெளியாயிற்று. இன ஒதுக்கல் என்பது யாது என நீண்ட சொற்பொழிவுகளால் விளக்க முயன்றோருக்கு அந்த ஒரு படம் போதுமானதாயிற்று. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து விலக்க வேண்டும் என்னும் குரல் வலுப்பெற அதுவும் ஒரு காரணம்.

ஆட்சியாளர் வெட்கினார்களா என்றால், இல்லை. 1965-இல் நேட்டால் ஓப்பனைப் பாப்வா மீண்டும் வென்றார். இம்முறை அவருக்குப் பின்தங்கியவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். உலகின் நான்கு பெரும்போட்டிகளையும் வென்றவர் என்னும் சிறப்பை அவ்வாண்டிலேயே எய்திய வீரர் அவர். எழுத்தறியாத ஒரு பைசுமப்பவர், தலைகீழான கைப்பிடியோடு, உலகின் தலைசிறந்த வீரரை வெல்வதை, நிற உயர்வில் நம்பிக்கை வைத்த அரசால் எவ்வாறு தாங்க இயலும்? 1966-இல் நாட்டின் போட்டிகள் அனைத்திலும் அவர் ஆடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது, அயல்நாட்டுப் போட்டிகளும் அவருக்கு எட்டாதவையாயின. அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

கோல்ஃப் ஆட்டத்தில் மிகக் கடுமையான தண்டனை போட்டியிலிருந்து நீக்கப்படுதல். அதற்கும் காரணம் கூறப்பட வேண்டும். விதி எண்ணைச் சுட்ட வேண்டும். அடுத்த வாரப் போட்டியில் அவர் மீண்டும் ஆடலாம். பாப்வாவுக்கு விதிக்கப்பட்டதோ காலவரையற்ற நீக்கம். ஆட்டத்தால் வந்த வருவாய் நின்றது. மனைவி மக்களோடு வறுமையில் உழன்றார். தாம் வென்ற களங்களில் பிறர் ஆடிய செய்திகளைப் பிறர் வாயிலாகக் கேட்பவராக அவருடைய எஞ்சிய நாள்கள் கழிந்தன.

அவர் தடையில் வாடிய அக்காலத்தில், 1974-இல், இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அவ்வணியில் இருந்தனர். எதிரணி தென்னாப்பிரிக்கா. இன ஒதுக்கலை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. இளம் வீரர்களுக்கு அது எளிய இழப்பன்று. அத்தகைய வாய்ப்பு வாழ்வில் எத்தனை முறை வரும்? குற்றம் ஏதும் செய்யாமலேயே நம் அணியும் ஒரு தண்டனையைத் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டது.

1978-ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிரம்புமுன், மாரடைப்பால் பாப்வா சேவ்கோலம் மறைந்தார். 1994-இல் அந்நாட்டில் மக்களாட்சி மலர்ந்தபின், இகாமங்கா என்னும் உயரிய விருதை அரசு அவர் பெயருக்கு வழங்கியது. டர்பனில், உம்கேனி ஆற்றின் கரையில், நகராட்சிக்குரிய ஆடுகளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு ஆடி முடித்தவர்கள், நிறம் எதுவாயினும், ஒருவர் அட்டையில் மற்றவர் எண்ணைக் குறித்து, சரிபார்த்து, ஒப்பமிட்டுவிட்டு உள்ளே செல்கின்றனர்.