பாஸ்கல் வச்ச பந்தயம்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல பிரஷர் ரீடிங் எடுத்து, ரெக்கார்டு நோட்டுல கிலோபாஸ்கல்னு யூனிட் எழுதியிருப்பீங்க. யூனிட் போடலைன்னா மார்க் போயிடும், அதனால மறந்திருக்க மாட்டீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் தன் கடைசி வருஷங்களை எதுக்குச் செலவழிச்சார் தெரியுமா? படிச்ச, சந்தேகப்படுற ஆட்களுக்கு, கடவுள் நம்பிக்கை முட்டாள்தனம் இல்லைன்னு காரண காரியத்தோட எடுத்துச் சொல்ல.

நம்ம ஹாஸ்டல்லயும் இந்தச் சண்டை வரும். கரெக்டா மறுநாள் இன்டர்னல் இருக்கும்போதுதான் வரும். ஒருத்தன் நெத்தியில இருக்கிற விபூதியைப் பார்த்து இன்னொருத்தன் சிரிப்பான். ஒரு மணி நேரம் கத்துவாங்க. யார் சொன்னதும் யார் காதுலயும் விழுந்திருக்காது. நான் எந்தப் பக்கம்னு கேக்காதீங்க, அது செமஸ்டருக்கு செமஸ்டர் மாறுது. ஆனா பாஸ்கல் கதையைப் படிச்சப்புறம் நான் சண்டை போடுற விதம் கொஞ்சம் மாறியிருக்கு.

1623-ல் பிரான்ஸில் கிளெர்மான் என்ற ஊரில் பிறந்தார் பிளெய்ஸ் பாஸ்கல். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா எத்தியேன் வரித்துறை அதிகாரி, கணக்கிலும் கெட்டிக்காரர். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே தானே சொல்லிக் கொடுத்தார். பிறகு ருவான் நகரில் வேலை பார்த்தபோது, வரிக்கணக்கைக் கூட்டிக் கூட்டி அப்பா அலுத்துப்போவதைப் பார்த்த பாஸ்கல், 1642-ல் பல்சக்கரங்களை வைத்து கூட்டல், கழித்தல் செய்யும் ஒரு இயந்திரத்தை உருவாக்க ஆரம்பித்தார். அப்போ அவருக்கு வயசு 19. சரியா வரும் வரைக்கும் சுமார் 50 மாடல் செய்து பார்த்தார். நாம ப்ராஜெக்ட் ரிவ்யூ அன்னிக்கு ஒரே ஒரு மாடல் ஓடினா போதும்னு வேண்டிக்கிறோம்.

1646-ல் அப்பா பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. வைத்தியம் பார்க்க வீட்டில் வந்து தங்கிய இரண்டு சகோதரர்கள் தீவிர பக்திமான்கள். அவர்கள் மூலமாகத்தான் குடும்பமே தீவிரமான கிறிஸ்தவ வாழ்க்கைக்குத் திரும்பியது.

இங்கதான் பாஸ்கல் ஒரு தப்பு பண்ணார். மத நம்பிக்கையை முழுக்கத் தர்க்கத்தாலேயே நிரூபித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு 1647-ல் ருவானுக்கு ஒருவர் வந்தார். பாஸ்கலும் இரண்டு நண்பர்களும் போய் அவரோடு பேசினார்கள். அவர் சொன்னது பிடிக்கவில்லை. உடனே சர்ச் அதிகாரிகளிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த மனிதர் தன் கருத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பேச்சு வேகாத இடத்தில் மேலிடத்தைக் கூப்பிடுவது. பாஸ்கலுக்கு அப்போ வயசு 23.

இயற்பியலில் மட்டும் அவர் எந்த மேலிடத்துக்கும் தலை வணங்கவில்லை. இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. பாதரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்தால் மேலே ஒரு காலி இடம் வருகிறதே, அது என்ன? பாஸ்கல் ஒரு சோதனையை யோசித்து, தன் அக்கா கணவர் பெரியேரிடம் ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19 அன்று அவர் குழாயோடு புய் தெ தோம் மலையில் ஏறினார். இன்னொரு குழாய் கீழே ஊரில், ஒரு துறவியின் கண்காணிப்பில் நாள் முழுக்க நின்றது. கீழே எந்த மாற்றமும் இல்லை. மலை உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. இந்த மாதிரி விஷயங்களில் சோதனைதான் நீதிபதி, பழைய புத்தகங்கள் இல்லை என்பதில் பாஸ்கல் உறுதியாக இருந்தார். கலிலியோவுக்கு எதிராக ஆணை போட்டதால் பூமி சுற்றுவது நின்றுவிடாது என்ற பொருளில் பின்னாளில் எழுதியவரும் இதே பக்திமான்தான்.

1654-ல், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வந்தது. மழையால மேட்ச் நின்னுபோன மாதிரின்னு வச்சுக்கோங்க. முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு மொத்தம் 64 காசு. ஒருவர் 2, மற்றவர் 1 ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டது. பாஸ்கலின் விடை 48, 16. இனிமேல் என்னென்ன நடக்கலாம் என்று எண்ணிப் பிரிக்கும் இந்தக் கணக்கில், அவரும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான், நாம மூணாவது செமஸ்டரில் திணறிய ப்ராபபிலிட்டி பாடம் வேர் விட்டது.

அதே வருஷம் நவம்பர் 23 இரவு அவருக்கு ஒரு ஆழமான ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதிக் கோட்டின் உட்புறத்தில் தைத்து வைத்துக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை. அதில் இருப்பது தர்க்கத்தில் கிடைத்த கடவுள் இல்லை. தன் நம்பிக்கை வாதத்தால் வந்ததில்லை என்று அவருக்கே தெரியும். அப்படிப்பட்டவர் அடுத்தவருக்காக வாதத்தை எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்காக ஒரு பெரிய புத்தகம் எழுத நினைத்துக் குறிப்புகள் சேர்த்தார். அதில் ஒன்றுதான் அந்தப் புகழ்பெற்ற பந்தயம். கடவுள் உண்டா இல்லையா என்று அறிவால் தீர்க்க முடியாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனா வாழ்ந்துகிட்டு இருக்கிற நாம ஏற்கெனவே ஆட்டத்துக்குள்ள இருக்கோம், ஒதுங்கி உட்கார முடியாது. நம்பி ஜெயித்தால் லாபம் எல்லையில்லாதது, தோற்றால் போவதற்கு ஒரு எல்லை உண்டு. எக்ஸ்பெக்டட் வேல்யூ போட்டுப் பாருங்க, எந்தப் பக்கம் சாயும்னு தெரியும்.

ஓட்டை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எந்தக் கடவுள்? வேற மதத்துக்காரரும் இதே கணக்கைப் போடலாமேன்னு அடுத்த நூற்றாண்டில் தீதரோ கேட்டார். நியாயமான கேள்வி. பந்தயம் ஒரு நிரூபணமாக நிற்காது. பாஸ்கலும் அதை நிரூபணம் என்று சொல்லவில்லை. கண்டுக்காமலே இருப்பவரைத் தேட வைப்பதற்கான ஒரு தள்ளு அது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்சது வேற ஒரு குறிப்பு. ஒருவரைத் திருத்த வேண்டுமானால், அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று கவனி, அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்ப்பது சரிதான் என்று ஒத்துக்கொள், அப்புறம் அவர் பார்க்காத பக்கத்தைக் காட்டு என்ற கருத்தை அதில் சொல்கிறார். 23 வயதில் புகார் எழுதிய அதே கை எழுதியது இது.

புத்தகம் முடியவில்லை. கடைசி மாதங்களில் தன் வீட்டில் தங்கவைத்திருந்த ஒரு ஏழைக் குடும்பத்தில் பிள்ளைக்கு அம்மை கண்டது. நோயாளியான அவர் அவர்களை அனுப்பாமல், தானே வெளியேறி அக்கா வீட்டுக்குப் போனார். 1662 ஆகஸ்ட் 19-ல் அங்கேயே இறந்தார். வயது 39. கோட்டுக்குள் இருந்த தாளை அப்புறம்தான் ஒரு வேலைக்காரர் கண்டெடுத்தார். குறிப்புகள் 1670-ல் புத்தகமாக வந்தன.

அடுத்த தடவை ரூம்ல அந்தச் சண்டை ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கிறவன் சொல்றதுல எது சரின்னு முதல்ல ஒண்ணாவது சொல்லிட்டு ஆரம்பிங்க. சிரிக்கிறவனுக்கும் இது பொருந்தும், விபூதி வச்சவனுக்கும் பொருந்தும். நான் ரெண்டு தடவை செஞ்சு பார்த்தேன். யாரும் மாறலை. ஆனா ரெண்டு தடவையும் சேர்ந்து டீ குடிக்கப் போனோம்.