கரும்புக்குள் எட்டிப் பார்த்தவர்

பொங்கல் வந்தால் போதும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னைத் தெருமுனைகளில் எல்லாம் கரும்புக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். பல்லால் தோலை உரித்து, சாறு வழியக் கடித்துத் தின்போம். குழந்தைகளே, நாம் தின்பது கரும்புச் செடியின் எந்தப் பகுதி தெரியுமா? பழமா? வேரா? இரண்டும் இல்லை. அது தண்டு!

அந்தத் தண்டுக்கு எங்கிருந்து இவ்வளவு இனிப்பு வந்தது என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர், நம் சென்னையில் படித்த ஒரு பெண் விஞ்ஞானி. அவர்தான் டாக்டர் ஜானகி அம்மாள்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார் ஜானகி. இன்று கேரளத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அப்பா நீதித்துறையில் பணியாற்றினார். செடி கொடிகள், பறவைகள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அந்த ஆசை மகளையும் தொற்றிக்கொண்டது.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் செய்துவிடுவார்கள். ஜானகியோ படிப்புதான் வேண்டும் என்று முடிவு செய்தார். சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து 1921இல் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். உதவித்தொகை கிடைத்ததும் கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அவ்வளவு பெரிய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர்.

அவர் அங்கே என்ன படித்தார்? செடியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை உண்டு. வேர், மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். தண்டு அதை மேலே கொண்டு செல்லும். இலை, வெயிலின் உதவியோடு உணவு சமைக்கும். பூ, விதையை உண்டாக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் வேரை வேராகவும் இலையை இலையாகவும் வளரச் செய்வது எது? அதற்கான குறிப்புகள் செல்லுக்குள் உள்ள குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளில் இருக்கின்றன. வெங்காயத்தின் செல்லில் 16 குரோமோசோம்கள், நெல்லில் 24, மனிதனில் 46. அவற்றைப் பார்க்க நல்ல இடம் வேரின் நுனி. அங்கேதான் செல்கள் ஓயாமல் பிரிந்து, வேர் நீண்டுகொண்டே போகிறது. வேர் நுனியை மெல்லிசாக நறுக்கி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். ஒன்று விட்டுப் போனாலும் கணக்கு தப்பு. அதற்கு மலையளவு பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையோடு 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இன விருத்தி நிலையத்துக்கு வந்தார் ஜானகி அம்மாள். 1912இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. கரும்பு எல்லா ஊரிலும் நன்றாகப் பூக்காது. கோவையில் பூக்கும், விதையும் பிடிக்கும். அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விவசாயிகள் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லையே என்று கேட்கிறீர்களா? சரிதான். தண்டைத் துண்டாக்கி நடுவார்கள். அதற்குக் கரணை என்று பெயர். கணுவில் உள்ள பரு முளைத்துப் புதுப் பயிராகும். ஆனால் கரணையில் வளரும் பயிர், தாயைப் போலவே அப்படியே இருக்கும். புது ரகம் வேண்டுமானால் பூவிடம்தான் போக வேண்டும். ஒரு கரும்பின் மகரந்தத்தை இன்னொரு கரும்பின் பூவில் சேர்த்தால், கிடைக்கும் விதையில் இருவர் குணமும் கலந்திருக்கும்.

வெளிநாட்டுக் கரும்பு தடியானது, இனிப்பானது. ஆனால் நம் வெயிலையும் வறட்சியையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டுக்கரும்போ இனிக்காது, எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து நல்ல ரகங்களை உருவாக்கும் வேலை கோவையில் முன்பே நடந்துவந்தது. கலப்பு எப்படி அமைகிறது என்பதைச் செல்லுக்குள் பார்த்து விளக்க உதவினார் ஜானகி அம்மாள். தடித்த இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள்! காட்டுக்கரும்பிலோ அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறியது. கரும்பும் புல் குடும்பம்தான் என்பதால், அதைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார்.

1939இல் மாநாட்டுக்காக பிரிட்டன் சென்றார். அந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. லண்டனில் குண்டுகள் விழுந்த நாட்களிலும் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை நிற்கவில்லை. 1945இல், விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார்.

பிறகு விஸ்லி என்ற புகழ்பெற்ற தோட்டத்தில் பணி. அங்கே மேக்னோலியா என்ற பூமர நாற்றுகளின் குருத்து நுனியில் கோல்ச்சிசின் என்ற மருந்தை வைத்தார். நம் செண்பகத்துக்கு உறவு மேக்னோலியா. நம் மாநில மலரான செங்காந்தளிலும் கோல்ச்சிசின் உண்டு. கடும் விஷம், வாயில் வைக்கவே கூடாது! அந்த மருந்தால் குருத்துச் செல்லில் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பானது. இலைகளும் இதழ்களும் தடித்து வளர்ந்தன. அவற்றில் ஒரு மேக்னோலியா ரகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

பிரதமர் நேரு அழைத்ததால் 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கடைசிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுப் பண்ணையில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார்.

அப்போது கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டம் வந்தது. பழமையான காடு நீரில் மூழ்கிவிடும் நிலை. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில், 80 வயதைக் கடந்த ஜானகி அம்மாளும் ஒருவர். காட்டுக்கரும்பு இல்லையென்றால் நல்ல கரும்பு ரகம் ஏது? எந்தக் காட்டுச் செடிக்குள் என்ன குணம் ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி மதுரவாயலில், தன் செடிகளுக்கு நடுவே மறைந்துவிட்டார்.

காடு என்றால் எங்கோ தொலைவில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலைகள் சூழ்ந்த எண்ணூர்க் கழிமுகத்திலும் அலையாத்திச் செடிகள் இருக்கின்றன. சேற்றில் காற்று கிடைக்காது என்பதால், அவற்றின் வேர்கள் பென்சில்களைப் போல மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், பெரியவர்கள் துணையோடு கரையில் நின்று உற்றுப் பாருங்கள், குழந்தைகளே. ஜானகி அம்மாளும் அப்படி உற்றுப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் தொடங்கினார்.