ஐயத்தை அளந்த அறிஞர் ஜேக்கப் பெர்னோலி

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1655ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேக்கப் பெர்னோலி. தந்தையாரின் விருப்பப்படி சமயவியல் பயின்றார். எனினும் அவருள்ளம் கணிதத்தையே நாடியது. 1687இல் பாசெல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்.

பகடையில் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்பதை உருட்டாமலேயே கூறிவிடலாம். இது கோட்பாட்டு நிகழ்தகவு. ஆனால் ஒருவர் இன்னும் பத்தாண்டு வாழ்வாரா என்பதை அவ்வாறு கூற இயலுமா? மனித வாழ்வுக்கு எண்ணத்தக்க பக்கங்கள் இல்லை. அவரையொத்த பலரின் வாழ்நாளைக் கணக்கெடுத்துத்தான் அறிதல் வேண்டும். இது பட்டறி நிகழ்தகவு. இக்கணக்கை எவ்வளவு நம்பலாம்? இவ்வினாவிற்கே பெர்னோலி இருபது ஆண்டுகள் விடை தேடினார்.

குடம் ஒன்றில் 3,000 வெள்ளைக் கூழாங்கற்களும் 2,000 கறுப்புக் கூழாங்கற்களும் இருப்பதாகக் கொண்டார். ஒவ்வொன்றாய் எடுத்து, நிறம் குறித்து, மீண்டும் உள்ளே இடுதல் வேண்டும். முயற்சிகள் பெருகப் பெருக, வெள்ளைக் கற்களின் விகிதம் ஐந்தில் மூன்றையொட்டி அமையும் வாய்ப்பு உறுதிப்படும் என நிறுவினார். ஐம்பதுக்கு 29 முதல் 31 என்னும் எல்லைக்குள் அது அமையும் என்பதற்கு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் உறுதி வேண்டின், 25,550 முறை எடுத்தல் போதும் எனவும் கணக்கிட்டார். பின்னாளில் இது பெரும் எண்களின் விதி எனப் பெயர்பெற்றது.

நூல் நிறைவுறுமுன்பே 1705இல் பெர்னோலி மறைந்தார். 'ஊகக்கலை' என்னும் பொருள்படும் அந்நூல் 1713இல் வெளிவந்தது.

இரண்டொரு நிகழ்ச்சிகளைக் கண்டே ஒருவரையும், ஒருவரைக் கண்டே ஒரு கூட்டத்தாரையும் எடைபோட்டுவிடுகிறோம் நாம். குடத்துக் கற்களுக்கே 25,550 முறை எடுக்கும் பொறுமையைக் கேட்ட அவ்வறிஞரை அப்பொழுது நினைத்துக்கொள்வோமாக.