அயல்நாட்டில் கணித மேதை இராமானுஜன்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார்; கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் குமாஸ்தா; அன்னையார் கோமளத்தம்மாள். மெட்ரிகுலேஷன் தேறிய இராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவரைக் கடல் கடக்கச் செய்தது. இவை யாவரும் அறிந்தவை. அப்பெரியார் அயல்நாட்டில் மாணவராக எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தார் என்பதையே ஈண்டு நாம் கூற விழைகின்றோம்.

பயணத்திற்கு முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. கோட்டு, காற்சட்டை, காலர், டை, பூட்ஸ் யாவும் புதிதாக வாங்கப்பட்டன. கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கப் பழகினார். இக்கோலத்தில் தம்மைக் காண அன்னையார் மனம் பொறுக்காதெனக் கருதி, வீட்டாரை முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறி ஏப்ரலில் லண்டன் அடைந்தார். வாங்கிய பூட்ஸ் காலைக் கடித்தது. கேம்பிரிட்ஜில் செருப்பையே அணிந்து நடந்தார்.

டிரினிடி கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் பெருங்கூடத்தில் ஒருங்கே உண்பர். பிற்பகலில் நண்பர்தம் அறைகளில் கூடித் தேநீர் அருந்தி அளவளாவுவதும் அங்கு வழக்கம். இராமானுஜனோ புலால் உண்ணாத நோன்பினர். பெருங்கூடத்து உணவை ஏற்காமல், தம் அறையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டார்.

பணத்திற்குக் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டும் கல்லூரி 60 பவுண்டும் அளித்தன. அதில் 50 பவுண்டு குடும்பத்திற்குச் சென்றது. எளிய வாழ்வினராதலின் எஞ்சியதிலும் மிச்சம் பிடித்தார். ஆயினும் அவர் விரும்பிய பண்டம் அவ்வூர்க் கடைவீதியில் இல்லை. கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் தபாலில் அனுப்புமாறு சென்னை நண்பருக்கு எழுதினார். நாவை அடக்கப் பழகிவிட்டதாகவும், சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் போதுமென்றும் எழுதினார். 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபின் காய்கறியும் பழமும் கிடைப்பது மேலும் அரிதாயிற்று.

அவ்வடுப்பருகே இன்பமும் இல்லாமல் இல்லை. ஒருநாள் அவர் காய்கறி கிளறிக்கொண்டிருக்கையில், நண்பர் மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த கணக்குப் புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். கிளறிய கரண்டியை நிறுத்தாமலே, அதற்கும் அதுபோன்ற எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும் விடையைக் கூறிவிட்டார்!

மற்றொருநாள் நண்பர் சட்டர்ஜியையும், அவர் மணக்கவிருந்த இலா ருத்ராவையும் விருந்துக்கழைத்தார். தம் கையால் வைத்த ரசத்தை மீண்டும் மீண்டும் பரிமாறினார். ஒரு நிலையில் பெண்மணிகள் போதுமென்றனர். சிறிது நேரத்தில் விருந்தளித்தவரைக் காணோம்! சொல்லாமலே புறப்பட்டு ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்றுவிட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். படைத்த உணவை மறுத்தது அவர் நெஞ்சைப் புண்படுத்தியதாம். இதனை வெறும் முன்கோபம் என்று நாம் கருதுவதற்கில்லை. நாள்தோறும் தனித்துண்பவனுக்கு விருந்து வாய்க்கும் நாள் எத்துணை அரிது என்பதை ஊர்விட்டு ஊர் வந்தோர் அறிவர்.

1917-இல் நோயுற்று மருத்துவ விடுதிகளில் கிடந்தார். அங்கும் உணவு ஒவ்வவில்லை. காசநோய் என்றே அக்காலத்தில் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாமென 1994-இல் ஆய்வாளர் ஒருவர் ஆய்ந்துரைத்தார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், டிரினிடியின் பெல்லோ என்னும் இரு சிறப்புகளும் வந்தெய்தின.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு அளிக்க முன்வந்தது. 1919 தொடக்கத்தில் அவர், அத்தொகை தம் தேவைக்கு மிகுதியென்றும், பெற்றோருக்கு 50 பவுண்டும் தம் செலவும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், அனாதைகளின் பள்ளிச் சம்பளத்திற்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டுமென்றும் எழுதினார். அவ்வாண்டே தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது 32.

அத்திபெலேயில் வாழும் நமக்குப் புளி தீர்ந்தால் எல்லை கடந்து ஓசூர் சென்று வாங்கிவரலாம். நம் பிள்ளைகளோ இன்று நெடுந்தொலைவு சென்று பயில்கின்றனர். அங்குள்ள கடைகளில் இன்று எல்லாம் கிடைக்கலாம். உடனிருந்து உண்பாரைக் கடையில் வாங்க இயலாது. அவர்களுக்கு எழுதும்போதும் பேசும்போதும் மதிப்பெண்ணைக் கேட்குமுன், யாருடன் உண்டாய் என்று கேட்போமாக. நம் காலனியில் தனித்துச் சமைத்துண்ணும் வெளியூர் இளைஞரையும் நம் இலைக்கு அழைப்போமாக.